ரைஸ், ரெய்ஸ், கிளைம்ப், அசெண்ட்: மேலே போக எந்தச் சொல்?

தமிழில் 'ஏறு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாளையே ஓட்டிவிடலாம். பஸ் ஏறுகிறோம், படி ஏறுகிறோம். விலை ஏறுகிறது, வெயில் ஏறுகிறது. போனில் சார்ஜ் ஏறுகிறது, சொன்ன பாடம் மட்டும் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு. பஸ்ஸுக்கு 'கெட் ஆன்', காருக்கு 'கெட் இன்', படிக்கு 'கிளைம்ப்' அல்லது 'கோ அப்', விலைக்கு 'ரைஸ்'. எது எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்தால் இந்தப் பிரிவினை பிடிபடாது. தானாக எழுந்ததா, யாராவது தூக்கினார்களா? மூச்சு வாங்கியதா? வீட்டில் பேசுகிறோமா, மேடையிலா? இவற்றைக் கேட்டால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதல் கேள்வியில் நானே அடி வாங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'ஆன் இஷ்யூ ஹேஸ் ரெய்ஸ்டு' என்று ஒரு மெயில் தட்டினேன். 'யார் ரெய்ஸ் பண்ணினது?' என்று ஒரே வரியில் பதில் வந்தது. யாரும் பண்ணவில்லை, அது தானாக முளைத்த சிக்கல். நான் எழுதியிருக்க வேண்டியது 'ஹேஸ் அரிஸன்'.

பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை இங்கே கைகொடுக்கும். உயர், உயர்த்து. எழு, எழுப்பு. ஏறு, ஏற்று. இந்த ஜோடிகளில் முதலாவது ரைஸ், இரண்டாவது ரெய்ஸ். சூரியன் ரைஸ் ஆகும், கையை நாம் ரெய்ஸ் பண்ண வேண்டும். விலை ரோஸ் என்றால் விலை உயர்ந்தது. கடைக்காரர் விலையை ரெய்ஸ்டு என்றால் அவர் உயர்த்தினார். 'பிரைசஸ் ரெய்ஸ்டு பை டென் பர்சென்ட்' என்று எழுதினால் விலை உயர்த்தப்பட்டது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார், யார் உயர்த்தியது என்று தேடுவார். தானாக உயர்ந்ததைச் சொல்ல 'ரோஸ்'தான் வேண்டும். ரைஸ், ரோஸ், ரிஸன் என்று முன்னது உருமாறும். ரெய்ஸ் சாதுவானது, ரெய்ஸ்டு என்பதோடு சரி. தமிழ் எழுத்தில் எழுதினால் ரைஸ் சோறாகவும் தெரிகிறது. சோற்றுக்கு வரும் 'ரைஸ்' கடைசியில் சீறும், எழும் 'ரைஸ்' கடைசியில் வண்டுபோல ரீங்கரிக்கும். அந்த ஒலி நம் எழுத்தில் இல்லாததால் பேச்சிலும் பலருக்கு விட்டுப்போகிறது.

ஏன் இப்படி ஒன்றுபோல இரண்டு சொல்? ரைஸ் பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. ரெய்ஸ், வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து குடியேறியது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த பிறவினைச் சொல்லும் செத்துப்போகவில்லை, 'ரியர்' என்று மூலையில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை வளர்ப்பதற்கு ரெய்ஸ், ரியர் இரண்டையும் சொல்வது அதனால்தான். சிட், செட் ஜோடியும் லை, லே ஜோடியும் இதே அச்சில் வார்த்தவை. சம்பள விஷயத்தில் மட்டும் ஊருக்கு ஊர் வழக்கு மாறும்: பிரிட்டிஷ்காரர் கேட்பது 'பே ரைஸ்', அமெரிக்கர் கேட்பது 'ரெய்ஸ்'.

அரைஸ் என்பது ரைஸின் தத்துவவாதி அண்ணன். பலூன், புகை, விலை பக்கம் போகாது. கேள்வி, சந்தேகம், வாய்ப்பு, சிக்கல் இவற்றோடு மட்டும்தான் சகவாசம். நாம் 'கேள்வி எழுகிறது' என்கிறோமே, அந்த எழுதல்தான் இது. காலையில் எழுவதற்கு இதையும் போடாதீர்கள், ரைஸையும் போடாதீர்கள். 'ஐ ரைஸ் அட் ஃபைவ்' தப்பில்லை, ஆனால் சுயசரிதை வாசிப்பதுபோல இருக்கும். கண் விழிப்பது 'வேக் அப்', படுக்கையை விட்டு எழுவது 'கெட் அப்'. இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரம்கூட இருக்கலாம், எனக்கு இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது கிளைம்ப். இதில் உடம்பு இருக்கிறது. கையும் காலும் பற்றிப் பற்றிப் போக வேண்டும், கொஞ்சம் சிரமப்பட வேண்டும். அந்தச் சிரமம் இருந்தால் போதும், திசைகூட முக்கியமில்லை. குரங்கு மரத்திலிருந்து 'கிளைம்ப் டவுன்' பண்ணும். ஜன்னல் வழியே வெளியே வருவது 'கிளைம்ப் அவுட்', இடுக்கான காருக்குள் உடம்பைத் திணிப்பது 'கிளைம்ப் இன்'. கையில்லாத நத்தையும் கம்பத்தில் கிளைம்ப் பண்ணலாம், விமானமும் கிளைம்ப் பண்ணலாம், ஆனால் மேல்நோக்கி மட்டும். நத்தை 'கிளைம்ப் டவுன்' பண்ணியது என்றால் ஆங்கிலேயர் காதுக்கு நெருடும். பற்றி இறங்குவதோ மேலே போவதோ, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. வீம்பாகப் பேசிவிட்டுப் பிறகு இறங்கி வருவதற்கும் 'கிளைம்ப் டவுன்' என்றே பெயர். நாமும் 'இறங்கி வந்தான்' என்கிறோம்! கடைசியில் உள்ள 'பி' எழுத்தை உச்சரிக்கக் கூடாது, 'கிளைம்' என்று நிறுத்திவிடுங்கள்.

அசெண்ட் லத்தீன் வீட்டுச் சொல், பட்டுவேட்டி கட்டியது. அரியணைக்கு, மலைச்சிகரத்துக்கு, பட்டியலின் ஏறுவரிசைக்குச் சரி. மாடிப்படிக்குப் போட்டால் சிரிப்பார்கள். பேச்சில் இது இல்லாமலே காலம் தள்ளலாம்.

மவுண்ட், குதிரை மீது ஏறுவதற்கு. அதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகக் குவியும் கடன், நெருக்கடி, பதற்றம் இவற்றுக்கு. சோர் என்றால் பருந்து சிறகடிக்காமல் காற்றில் மிதந்து உயர்வது. 'காற்று' என்ற பொருளுள்ள லத்தீன் சொல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. செய்தித் தலைப்புகள் அதைப் பிடித்து, விலை சற்று அசைந்தாலே 'சோர்ஸ்' என்று போட்டுவிடுகின்றன. நிதானமாக மிதந்த பருந்து பாவம்.

லிஃப்ட், தூக்குவது. பெட்டியை லிஃப்ட் பண்ணலாம், விலையை ரெய்ஸ் பண்ணுவதே வழக்கம். பனிமூட்டம் 'லிஃப்ட்' ஆனது என்றால் மட்டும் தூக்க ஆள் தேவையில்லை, அது விலகியது என்று அர்த்தம்.

அலுவலகத்தில் எல்லோர் வாயிலும் புரளும் எஸ்கலேட் இந்தக் கூட்டத்தில் வயதில் சிறியது. முதலில் வந்தது இயந்திரம். எஸ்கலேட்டர் என்பது ஓட்டிஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர், 1900 பாரிஸ் கண்காட்சியில் அந்த நகரும் படிக்கட்டு காட்சிக்கு வந்தது. எல்லோரும் பொதுப்பெயராகவே சொல்லிச் சொல்லி, 1950-இல் அமெரிக்காவில் அந்தப் பெயர் மீதான தனியுரிமை போயிற்று. வினைச்சொல்லை இயந்திரத்தின் வாலை வெட்டித்தான் எடுத்தார்கள். பனிப்போர்க் காலத்தில் சண்டை படிப்படியாக முற்றுவதைச் சொல்ல அது பெரிதாகப் புழங்கியது. இன்றைக்குப் புகாரை 'ரெய்ஸ்' பண்ணினால் அது பதிவாகும், 'எஸ்கலேட்' பண்ணினால் மேலதிகாரியிடம் போகும். என் அந்த முதல் மெயிலில் இஷ்யூ தானாக 'அரைஸ்' ஆகியிருந்தது. 'ரெய்ஸ்டு' என்று நான் எழுதியதால், அதைக் கிளப்பியது யார் என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் அரை நாள் அலைந்தார்கள்.