கழற்றி மாட்டும் எடைகுறைந்த பூம்: சில ஆயிரம் மணி ஓட்டத்துக்குப் பின் தெரிவது

எக்ஸ்கவேட்டருக்கு எடைகுறைந்த, துண்டு துண்டாகப் பிரித்து மாட்டக்கூடிய பூம் (பக்கெட்டைத் தாங்கும் நீண்ட கை) வாங்கும்போது எல்லோரும் கேட்பது ‘எத்தனை கிலோ குறைவு?’ என்றுதான். எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. இயந்திரம் கவிழும் விளிம்பிலிருந்து 8 மீட்டர் தள்ளி 300 கிலோ குறைந்தால் 2,400 கிலோ-மீட்டர் (எடையைத் தூரத்தால் பெருக்கியது) திருப்புவிசை மிச்சம். 10 மீட்டரில் தொங்கும் பக்கெட்டுக்கு அது 240 கிலோ கூடுதல் இடம். எக்ஸ்கவேட்டரின் தூக்குதிறனைக் கணக்கிடும் ஐ.எஸ்.ஓ. 10567 தர முறையில் கவிழ்சுமையின் (இயந்திரத்தைக் கவிழ்க்கும் சுமையின்) 75 சதவீதம்தான் தூக்குசுமை அட்டவணையில் ஏறும் என்பதால் கையில் கிடைப்பது 180 கிலோ. அதே 300 கிலோவை 2 மீட்டர் தூரத்தில், பூமின் அடிப்பக்கம் சுரண்டி எடுத்தால் வெறும் 45 கிலோ. அடிப்பகுதியைத் தடிமனாக விட்டு, நுனியை மட்டும் இளைக்க வைத்த பூம்கள்தான் நீண்ட ஓட்டத்தில் தாக்குப்பிடிக்கின்றன. முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி மெலிந்த பிளேட் போட்டவை தாளில் மட்டும் அழகு.

இப்போது பலரும் 355 மெகாபாஸ்கல் வலிமையுள்ள இரும்பை விட்டு 700 மெகாபாஸ்கல் இரும்புக்குப் போகிறார்கள். வலிமை இரண்டு மடங்கு, ஆகவே 12 மி.மீ. பிளேட்டை 9 மி.மீ. ஆக்கலாம் என்பது கணக்கு. நிரந்தரமாக வளைந்து போகாது, உண்மைதான். ஆனால் விறைப்பு (சுமையில் தொய்யாமல் நிற்கும் தன்மை) எந்த ரக இரும்புக்கும் ஏறக்குறைய 210 கிகாபாஸ்கல்தான். பூம் என்பது பிளேட்டுகளால் ஆன உள்ளீடற்ற பெட்டி; அந்தப் பெட்டியின் வெளியளவு மாறாமல் பிளேட்டை மட்டும் மெலிய வைத்தால் நுனி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தொங்கும். சரிவு சீவும் வேலையில் ஆபரேட்டர் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்.

அதைவிடப் பெரிய சிக்கல் வெல்டிங்கில். வெல்டிங் போட்டபடியே விட்ட மூட்டின் களைப்பு ஆயுள் (திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கி விரிசல் விடும் வரை தாங்கும் காலம்), பிளேட்டின் ரகத்தைப் பார்ப்பதில்லை. மேலும் கீழும் போய்வரும் அழுத்தத்தின் அளவை மட்டுமே பார்க்கிறது, அதுவும் மும்மடிப் பெருக்கத்தில். 12-ஐ 9 ஆக்கினால் அழுத்தம் 1.33 மடங்கு, ஆயுள் பாதிக்கும் கீழே. எடை குறைந்ததால் சுமையும் கொஞ்சம் குறையும். அதைக் கழித்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. பெட்டியின் உயரத்தைக் கூட்டி, குறுக்கு வெல்டிங்கை மேல் கீழ் பிளேட்டுகளிலிருந்து நடு உயரத்துக்கு நகர்த்தி, தவிர்க்க முடியாத இடங்களில் வெல்டிங் ஓரத்துக்கு டிக் (TIG) வெல்டிங் முறையில் மறு உருக்கமோ சுத்தியல் அடியோ கொடுத்துப் பதப்படுத்தியிருந்தால் மட்டுமே வலிமை கூடிய இரும்புக்குக் கொடுத்த காசு திரும்பும். வாங்குமுன் வரைபடத்தில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

விரிசல் தொடங்கும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. உள்தடுப்புத் தகட்டின் முனை, பின் (pin, மூட்டைக் கோக்கும் தடித்த உருளை ஆணி) செருகும் உறையைப் பெட்டியோடு சேர்க்கும் மூலை, பிறகு வாங்கியவரே ஒட்ட வைத்த ஹோஸ் கிளிப். சுமை தொங்கும்போது மேல் பிளேட் இழுபடும். அங்கே ஒரு சின்னக் கொக்கியைப் பற்ற வைத்தால் போதும், நல்ல பூமும் கெட்டுவிடும். ஹோஸ் பிடிக்க பட்டையைச் சுற்றிக் கட்டுவதே நல்லது.

இனி பூம் துண்டுகளைச் சேர்க்கும் மூட்டு. கழற்றி மாட்டும் பூமில் பொருளே அதுதான் என்று சொல்வேன். 300 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புவிசையை 600 மி.மீ. இடைவெளியில் உள்ள மேல் கீழ் பின்கள் தாங்கினால் ஒவ்வொரு வரிசைக்கும் 500 கிலோநியூட்டன். 80 மி.மீ. பின்னுக்கு இது பெரிய பாரமில்லை; பின் உடைவது அரிது. கெடுப்பது ஆட்டம், அதாவது துளைக்கும் பின்னுக்கும் இடையே விழும் தளர்வு. மேல் பின்னில் 1 மி.மீ. ஆட்டம் வந்தால் 6 மீட்டர் தள்ளி நுனியில் 10 மி.மீ. ஆடும். சுமை ஒரே பக்கமாகத் தொங்கும் வரை அது வெளியே தெரியாது. பக்கெட்டைத் தரையில் ஊன்றி அழுத்தும்போது விசை திசை மாறும், ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டினால் அந்த ‘டக்’ விநாடிக்குப் பலமுறை, துளை நீள்வட்டமாகிவிடும். ஆப்பு வைத்து இறுக்கும் மூட்டு அல்லது முன்னிறுக்கம் கொடுத்த போல்ட் முகப்பு இதில் எவ்வளவோ மேல். எம்30 (30 மி.மீ. விட்டம்), 10.9 வலிமை ரக போல்ட் ஒன்று சுமார் 390 கிலோநியூட்டன் வரை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் முகப்பில் தடிமனாகப் பெயின்ட் அடித்திருந்தால் அது நசுங்க நசுங்க இறுக்கம் போய்விடும். மாட்டிய முதல் 50 மணி ஓட்டத்தில் ஒருமுறை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்துப் பார்க்காமல் விடக் கூடாது.

மாட்டும்போது பின் ஏறவில்லை என்றால் சுத்தியலைத் தேடாதீர்கள். தாங்கி நிற்கும் கட்டையின் உயரம்தான் தவறு. பின் தலையை அடித்து நசுக்கினால் அடுத்த முறை கழற்றவும் வராது.

எண்ணெய்க் குழாய்களை இணைக்கும் ஹைட்ராலிக் கப்லரில் ஒரு பொறி இருக்கிறது. கப்லர் பாதி மட்டும் மாட்டியிருந்தால் எண்ணெய் திரும்பும் வழி அடைபடும். 140 மி.மீ. துளை, 100 மி.மீ. ராடு உள்ள சிலிண்டரில் பிஸ்டன் பக்கம் 350 பார் கொடுத்து, ராடு பக்கம் மூடியிருந்தால் அங்கே அழுத்தம் 700 பாரைத் தொடும். சீல் அல்லது ஹோஸ், இரண்டில் ஒன்று போகும். மாட்டியதும் என்ஜினைக் குறைந்த வேகத்தில் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் முழுதாக ஒருமுறை மெதுவாக நீட்டி மடக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். வெயிலில் கிடந்த பூமில் உள்ளே அடைபட்ட எண்ணெய் விரிந்து கப்லர் ஏறவே ஏறாது. அழுத்தத்தை இறக்கும் வால்வு பூமிலேயே இருந்தால் நிம்மதி. பூமை மாற்றியதும் சுமை எச்சரிக்கைக் கருவியிலும் அட்டவணையை மாற்ற வேண்டும். எந்தத் துண்டு மாட்டியிருக்கிறது என்று கருவியே தானாக அறியும் ஏற்பாடு இல்லையென்றால், ஆபரேட்டரின் ஞாபகத்தை நம்பித்தான் இயந்திரம் நிற்கிறது.

அலுமினியம் பற்றி இரண்டு வரி: எடை மூன்றில் ஒன்று, விறைப்பும் மூன்றில் ஒன்று. 6082-டி6 போன்ற ரகம் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் ஏறக்குறைய பாதி வலிமையை இழக்கும். பக்கெட் வேலைக்கு வேண்டாம்.

பழுது பார்ப்பதில்தான் இந்தப் பூம்கள் மானத்தை வாங்குகின்றன. பதப்படுத்திய 690 ரக (690 மெகாபாஸ்கல்) இரும்பை வளைவு நிமிர்த்த 550 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் பதம் போய்விடும். காயவைக்காத வெல்டிங் ராடால் பற்ற வைத்தால் ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் விரிசல் உடனே தெரியாது. 48 மணி நேரம் கழித்துத்தான் சோதிக்க வேண்டும். விரிசல் மேல் சதுரத் தகடு ஒட்டுவது அடுத்த விரிசலுக்கு இடம் குறித்துக் கொடுப்பது போல. விரிசலை முழு ஆழத்துக்குத் தோண்டி எடுத்து, முன்சூடு கொடுத்து நிரப்பி, பிளேட் மட்டத்துக்குத் தேய்த்துவிட வேண்டும்.

நீள எட்டும் தூர்வாரல், சரிவு சீவல், உயரக் கட்டட இடிப்பு இவற்றுக்கு ஒரே ஒரு மூட்டு உள்ள எடைகுறைந்த பூம் நல்ல தேர்வு. இரண்டு மூட்டு என்றால் இருமுறை யோசியுங்கள். பாறை, பிரேக்கர் என்றால் பழைய தடித்த பூமே போதும். பயன்படுத்தியதை வாங்குவதானால் பூமைக் கழுவச் சொல்லாதீர்கள், அழுக்கோடு பாருங்கள். மூட்டைச் சுற்றிப் பெயின்டில் மெல்லிய துருக்கோடு கசிந்திருந்தால், அந்த இடத்தைத் துடைத்துச் சாய ஊடுருவல் சோதனை (விரிசலுக்குள் புகும் சாயத்தைத் தடவிப் பார்ப்பது) செய்து பார்த்த பிறகு விலை பேசுங்கள்.