மேசைக்கு அடியில் ஆறு இழுதட்டுகள்: நான்கு ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் நான் பங்குக்கு எடுத்திருக்கும் பட்டறையில் கருவிப்பெட்டிகள் வேலை மேசைக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. தேவைப்படும் பெட்டி எப்போதும் அடியில்தான் இருக்கும். "அண்ணே, டிரில்ல எடுக்கிறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போவுது" என்று கூட வேலை செய்யும் தம்பி ஒருநாள் சொன்னார். நியாயமான பேச்சு. 2021 கடைசியில் உட்கார்ந்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தி, பத்திக்கு மேலும் கீழுமாக மூன்று என, வெளியே இழுக்கக்கூடிய ஆறு தட்டுகள், அதாவது இழுதட்டுகள், செய்தேன்.

முழு இழுப்பறை செய்யவில்லை. கருவி ஏற்கெனவே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, அதைச் சுற்றி இன்னொரு பெட்டி எதற்கு? அடிப்பலகை, பக்கத்துக்கு 6 செ.மீ. உயரச் சட்டம், முன்னால் விரல் பிடிக்க ஒரு சின்ன விளிம்பு, அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பவை பெரும்பாலும் எல்-பாக்ஸ் வகை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள். 442 மி.மீ. அகலம், 357 ஆழம். தட்டின் உள்ளகலம் 450. இரண்டு பக்கமும் 12 மி.மீ. பிளைவுட், ஆக 474. தட்டு சறுக்கி வர, பக்கவாட்டில் பொருத்தும் பால்பேரிங் ரன்னருக்குப் (உலோகத் தண்டவாளம்) பக்கத்துக்கு 12.7 மி.மீ. வேண்டும். மொத்தம் 499.4, 500-க்கு அரை மில்லிமீட்டர் சொச்சம் குறைவு. கணக்கு அழகாக வந்துவிட்டதே என்று எல்லாத் தட்டுகளையும் முதலிலேயே வெட்டிவிட்டேன். ஆனால் தட்டுகளைத் தாங்கும் வெளிக்கூட்டுக்கு 18 மி.மீ. என்று வாங்கும் பலகை சரியாக 18 இருப்பதில்லை. ஒரு பத்தியில் தட்டு இறுகியது, மற்றதில் ஆடியது. கூட்டை முதலில் நிறுத்தி, இடைவெளியை அளந்த பிறகு தட்டை வெட்டுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு பெட்டியின் மூடி விஷயத்தில்தான் நடந்தது. கிளாம்ப் போட வசதியாக மேசைப் பலகையை முன்னால் 6 செ.மீ. நீட்டி வைத்திருந்தேன். ரன்னர் முழுநீளத்துக்கும் வரும், தட்டும் முழுதாக வெளியே வரும். அப்படியும் மேல்வரிசைப் பெட்டியைத் திறந்தால் மூடி போய்ப் பலகையில் இடிக்கும், ஏனென்றால் கீல் பின்பக்கம், பலகைக்கு அடியிலேயே நிற்கிறது. பெட்டியை வெளியே தூக்கி வைத்துத் திறப்பதென்றால் இவ்வளவு வேலையும் வீண். இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினோம். அப்புறம்தான் உறைத்தது: தட்டின் நீளம் 450, பெட்டியின் ஆழம் 357. பின்னால் 9 செ.மீ. சும்மா கிடக்கிறது. அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையைத் திருகி, பெட்டியை முன்னால் தள்ளி உட்கார வைத்தேன். மூடி தடையில்லாமல் எழுந்து நின்றது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது பெட்டியைத் தூக்குவதே வெளிவேலைக்குப் போகும்போது மட்டும்தான்.

ரன்னருக்கு எண்ணெய் விட்டது இன்னொரு தவறு. மரத்தூள் ஒட்டிப் பசையாகி, ஆறே மாதத்தில் தட்டு கரகரவென்று இழுபட்டது. துடைத்தெடுத்து, இப்போது மாதம் ஒருமுறை வேக்குவம் பிடிப்பதோடு சரி. ஜாலான் புசாரில் முதலில் வாங்கிய மலிவு ரன்னர்களில் இரண்டு ஜோடி துருப்பிடித்தன, மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். முதல் டிசம்பர் மழையிலேயே மூடிய பெட்டிக்குள் இருந்த உளிகளில் துரு பூத்தது. உளி என் அப்பாவுடையது, பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கூட்டின் பின்பலகையைக் கழற்றிக் காற்று போக விட்டேன். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறேன், நிறம் மாறியதும் புதிது வைக்கிறேன். அதன்பிறகு துரு இல்லை.

ஒரு எச்சரிக்கை: கனமான பெட்டிகள் இருக்கும் மூன்று தட்டுகளை ஒரே நேரத்தில் இழுத்தபோது மேசையே முன்னால் சாய்ந்தது. தம்பி பிடித்துக்கொண்டார். அன்றே சுவரோடு போல்ட் போட்டுவிட்டேன்.

அடிவரிசைத் தட்டுகளுக்கு மட்டும் மிச்சம் கிடந்த எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையைப் போட்டிருந்தேன். தரை கழுவும் தண்ணீர் தெறித்துத் தெறித்து விளிம்பு ஊதிவிட்டது. பிளைவுட் வெட்டி, ஓரங்களுக்கு வார்னிஷும் அடித்து வைத்தாயிற்று. இந்தச் சனிக்கிழமை மாட்ட வேண்டும்.