அப்பாவின் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கம்

இந்த முறை சிங்கப்பூரில் இருந்தது பதினெட்டு நாள். அதில் நான்கு நாள் தொலைக்காட்சிப் பெட்டிக்கே போயிற்று. விமானம், எம்ஆர்டி ரயில், தேக்கா சந்தையில் வாங்கிய மீன் எல்லாம் சரியாகவே இருந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அம்மா ஈசூனில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா 2023 மார்ச்சில் தவறிவிட்டார். இணையம், தொலைக்காட்சி, வீட்டுத் தொலைபேசி, அப்பாவின் கைப்பேசி ஆகிய நான்கும் ஒரே நிறுவனத்திடம், ஒரே பில்லில், அப்பா பெயரில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. தனித்தனியாக எடுத்தால் எத்தனை வெள்ளி, சேர்த்து எடுத்தால் எத்தனை வெள்ளி என்று காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு அவர் சேர்த்த திட்டம் அது. பில் வந்தால் கீழே ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் கட்டிவிட்டு ரசீதை மைலோ டின்னில் போடுவார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருந்திருக்கும்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை, அம்மாவின் தொடர் ஆரம்பிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தமிழ் ஒளிவழிகள் மறைந்தன. இந்த ஒளிவழிக்கு நீங்கள் சந்தா கட்டவில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. சந்தா இல்லாமலே வரும் உள்ளூர்த் தமிழ் ஒளிவழி வசந்தம் ஓடியது, இணையம் பறந்தது, இந்தத் தமிழ்த் தொகுப்பு மட்டும் இல்லை. "நீ வந்த நேரம்" என்றார் அம்மா.

தொலைபேசியில் அழைத்தேன். இயந்திரக் குரல் என் ஆங்கிலத்தை மூன்று முறை புரிந்துகொள்ளவில்லை. பன்னிரண்டு ஆண்டு மெல்பர்ன் வாசம் என் உச்சரிப்பை அவ்வளவு கெடுத்திருக்கிறது போலும். முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஓர் ஊழியர் வந்தார். கணக்கு வைத்திருப்பவரிடம் பேச வேண்டும் என்றார். அவர் இறந்துவிட்டார் என்றேன். வருத்தம் தெரிவித்தார், உண்மையாகவே. அடுத்த மூச்சில், "அவருடைய பிறந்த தேதி சொல்ல முடியுமா?" என்றார். சொன்னேன். "இப்போது அவரை லைனில் கொடுங்கள்" என்றார். எழுதி வைத்ததைப் படிக்கிறவரிடம் கோபப்பட்டு என்ன செய்வது? கடைசியில், கணக்கை அம்மா பெயருக்கு மாற்றினால்தான் எதையும் செய்ய முடியும், அதற்குக் கடைக்கு நேரில் வர வேண்டும் என்று முடித்தார்.

மறுநாள் கடைத்தொகுதியில் அவர்களுடைய கடைக்குப் போனோம். புதுக் கைப்பேசி வாங்க வந்தவர்களுக்கு ஆறு மேசை, பிரச்சினையோடு வந்தவர்களுக்கு ஒன்று. வரிசை எண் வாங்கி ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தோம். அம்மா எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் எடுத்து வந்திருந்தார்: அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், மரணச் சான்றிதழ். மேசையில் இருந்த பையன் மரணச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது அச்செடுத்த நகல். அசல் வேண்டும்."

அசல் என்று ஒரு தாள் கிடையாது. 2022 மே 29 முதல் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் பிறப்பு, மரணச் சான்றிதழ்களைத் தாளில் கொடுப்பதை நிறுத்திவிட்டது. எல்லாம் மின்னிலக்கம். அசல் என்பது என் அண்ணனின் மின்னஞ்சலில் கிடக்கும் ஒரு கோப்பு; அதைத் தாளில் எடுத்தாலே நகல்தான். ஊரையே மின்னிலக்கமாக்கிய சிங்கப்பூரில், அந்த மேசைக்கு மட்டும் சேதி வரவில்லை. அவன் உள்ளே போய்க் கேட்டு வந்தான். மேலாளர் மதிய உணவுக்குப் போயிருந்தார். வீடு திரும்பினோம்.

மூன்றாம் நாள் வேறொரு பெண் இருந்தார். அண்ணன் அனுப்பிய கோப்பில் கியூஆர் குறியீட்டை வருடிப் பார்த்தார், அரை நிமிடத்தில் தலையாட்டினார். அடடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு அவர் சொன்னார்: "பெயர் மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டும். பதிவு செய்த கைப்பேசிக்கு ஓடிபி போகும்."

அம்மாவின் கைப்பைக்குள் டிங் என்றது.

அப்பாவின் கைப்பேசியை அம்மா தினமும் இரவில் சார்ஜ் போடுகிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பையிலிருந்து எடுத்தார். உறையில் அப்பாவின் பழைய பஸ் அட்டை செருகியபடியே இருந்தது. கண்ணாடியை மறந்துவிட்டதால் கையை எட்ட நீட்டி வைத்து ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். அந்தப் பெண் தட்டிக்கொண்டார். யாருடைய கைப்பேசி என்று கேட்கவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்பதை அப்பாவே உறுதி செய்துவிட்டார்.

திரையில் பழைய பதிவுகளும் வந்தன. ஒப்பந்தம் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது 2023 நவம்பரில், இருபத்துநான்கு மாதத்துக்கு. அதாவது மறைந்து எட்டு மாதம் கழித்து அப்பா தமிழ்த் தொகுப்பைச் சலுகையில் வாங்கியிருக்கிறார். அம்மாவைப் பார்த்தேன். "அண்ணன் பையன் ஏதோ அழுத்தினான். நம்பர் வந்தது. சொன்னேன்" என்றார். அந்த இருபத்துநான்கு மாதம் முடிந்த கையோடுதான் தொகுப்பும் போயிருக்கிறது. உயிரோடு இருப்பவராக அவர் எதை வேண்டுமானாலும் வாங்க ஆறு எண் போதும். இல்லை என்று சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அம்மாவின் ஒரே கவலை வீட்டு எண். ஏழு இலக்கமாக இருந்த காலத்திலிருந்து அதே எண். 2002 மார்ச்சில் எல்லா வீட்டு எண்களுக்கும் முன்னால் ஆறைச் சேர்த்தபோது, அப்பா தஞ்சாவூர் உறவினர் அத்தனை பேருக்கும் உட்கார்ந்து கடிதம் எழுதினார். எண் போகாது என்று அந்தப் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் அம்மா கையெழுத்துப் போட்டார். (அந்தத் தொலைபேசி இப்போது மோடத்தில் தொங்குகிறது. மின்சாரம் போனால் அதுவும் போகும். செம்புக் கம்பிக் காலத்தில் இருட்டிலும் மணி அடிக்கும் என்று நான் சொன்னதற்கு, அந்தப் பெண் என்னைத் தாத்தா காலத்து ஆளைப் போலப் பார்த்தார்.)

நான்காம் நாள் பெட்டியை மாற்ற ஆள் வந்தார். இரண்டு மணிக்கு என்றார்கள், இரண்டு ஐந்துக்குக் கதவைத் தட்டினார். மெல்பர்னில் காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் வருவோம் என்பார்கள். நான் விடுப்பு எடுத்துக் காத்திருப்பேன், பதினொன்று ஐம்பதுக்கு வர முடியவில்லை என்று சேதி வரும். அங்கே என் தெருவில் முனைப் பெட்டிவரைதான் ஃபைபர், அப்புறம் பழைய செம்புக் கம்பி. இங்கே ஒரு தொடர் பார்க்கும் அம்மாவுக்குக் கூடத்துச் சுவரில் ஒரு கிகாபிட் வேக இணையம். பொறாமையாகத்தான் இருந்தது. வந்தவர் மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வரும் தமிழ்ப் பையன். "ஆன்ட்டி, இந்தப் பெட்டியின் மேல் சாமி படம் வைக்காதீர்கள், சூடாகும்" என்றார். கோப்பி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குடித்தார்.

தொடர் வந்தது. நான்கு நாளில் கதை ஓர் அங்குலமும் நகரவில்லை.

அன்றிரவு அப்பாவின் கைப்பேசி மறுபடியும் டிங் என்றது. கைப்பேசி எண்ணை மாற்ற அவர்களிடம் வேறு கணினியாம், வேறு மனுவாம்; ஒரே பில் என்பதெல்லாம் பில்லில் மட்டும்தான். அம்மாவும் அது அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். இன்றைய சேவைக்கு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை மதிப்பெண் என்று கேட்டிருந்தார்கள்.

"மூன்று போடுங்கள்" என்றேன்.

"அவர் பெயருக்குத்தானே வந்திருக்கிறது" என்று பத்தை அழுத்தினார் அம்மா. உடனே பதில் வந்தது. நீண்ட கால வாடிக்கையாளரான அப்பாவுக்கு நன்றி. ஒப்பந்தத்தை இன்னும் இருபத்துநான்கு மாதம் நீட்டித்தால் இரண்டாவது பெட்டி பாதி விலையாம்.