வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350: பழைய வண்டியை இன்று வாங்கி ஓட்டலாமா?

சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350, அதாவது வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் கொண்ட வார்ப்பிரும்பு சிலிண்டர் வண்டி, இன்று வாங்கி ஓட்டத் தகுந்ததா என்று இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். 1990களில் வந்த வண்டி ஒன்றை நீண்ட காலமாக வைத்துப் பராமரித்து வரும் அனுபவத்தில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையையாவது வண்டிக்கென்று ஒதுக்க முடிந்தவர்களுக்கும், பழைய எஞ்சின் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதைப்போல் தலைமுறை தாண்டி உழைக்கும் இருசக்கர வாகனம் நம் நாட்டில் வேறொன்று கிடைப்பது அரிது. அலுவலகத்துக்குப் போய்வர இருக்கும் ஒரே வண்டியாக இதை வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்.

இதன் ஆயுளுக்கு எஞ்சினின் உறுதி மட்டும் காரணமன்று. அதன் வரலாறும் காரணம். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932-இல் புல்லட் என்ற பெயரை முதலில் பயன்படுத்தியது. 1950களில் எல்லை ரோந்துக்காக இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததை ஒட்டி, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. பாகங்களை வரவழைத்துப் பூட்டுவதில் தொடங்கிய திருவொற்றியூர் ஆலை, சில ஆண்டுகளிலேயே முழு வண்டியையும் இங்கேயே செய்யத் தொடங்கியது. இங்கிலாந்து நிறுவனம் 1970-இல் முடங்கிய பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 1977 முதல் சென்னை வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி என்ற அந்த அடிப்படை வடிவம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெரிய மாற்றமின்றி இங்கே வார்க்கப்பட்டதால், தந்தை வாங்கிய வண்டியின் உதிரி பாகம் மகன் காலத்திலும் கடையில் கிடைத்தது. ஒரு வாகனம் நீடித்து உழைப்பதற்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

கிக்கரை மிதிக்கும் முறை தெரியாதவர்களுக்கு இது முரட்டு வண்டியாகத் தோன்றும். முறை தெரிந்துவிட்டால் மெலிந்த உடம்புக்காரரும் ஒரே மிதியில் கிளப்பிவிடலாம். சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட்டின் மேலிருக்கும் ஆம்ப் மீட்டரைப் பார்க்க வேண்டும். தீப்பொறிக்கான மின்னோட்டத்தை விட்டுவிட்டு இணைக்கும் பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால், பிஸ்டன் உச்சியை நெருங்கும் இடத்தில் கால் கெட்டியாகத் தடைபடும். அங்கே பாயிண்ட் திறந்து முள் நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது இடது கைப்பிடியில் உள்ள, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரைச் சிறிதளவு இறக்கி, டீகம்ப்ரஷரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டுப் பிறகு முழுமூச்சாக மிதிக்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருந்து, தீப்பொறி விழும் நேரமான டைமிங்கும் சரியாக இருந்தால் வண்டி ஏமாற்றாது. டைமிங் முன்கூட்டி இருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். அது கணுக்காலைப் பதம்பார்க்கக்கூடிய அடியாகையால், கிக்கர் ஒருமுறை திருப்பி அடித்தாலும் டைமிங்கைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி மிதிக்க வேண்டும்.

சாலையில் இதன் குணம் மணிக்கு 50 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில்தான் முழுமையாகத் தெரியும். ஸ்ட்ரோக் நீளமானது, ஃப்ளைவீல் என்னும் சுழல்சக்கரம் கனமானது; ஆகவே நான்காவது கியரிலேயே வேகம் குறைந்து வந்தாலும் எஞ்சின் திணறாமல் இருவரைச் சுமந்துகொண்டு மேடேறும். ஏறத்தாழ 18 குதிரைத்திறன் என்று காகிதத்தில் படிப்பவர்களுக்கு இந்த இழுவை நம்பும்படியாக இராது. 80-ஐத் தாண்டினால் அதிர்வு கைப்பிடியிலும் கால்மிதியிலும் ஏறிவிடும். அந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவது எஞ்சினின் ஆயுளை வலிந்து குறைப்பதாகும். லிட்டருக்கு 30 முதல் 35 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். கியர் ஒன்று மேலே, மற்ற மூன்றும் கீழே. புதிய வண்டிகளில் பழகியவர்களின் வலது கால் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும் ஆபத்து உண்டு; எனவே நெரிசல் இல்லாத சாலையில் நன்றாகப் பழகிய பின்பே நகரத்துக்குள் கொண்டுவர வேண்டும். சிக்னலில் கிளட்சைப் பிடித்துக் குதிகாலால் நியூட்ரல் லீவரை அழுத்தினால், முதல் கியர் தவிர வேறு எந்தக் கியரிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். இவ்வளவு பயனுள்ள ஏற்பாடு பிற்கால வண்டிகளில் கைவிடப்பட்டது எனக்கு இன்றளவும் வருத்தமே.

பிரேக்கைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல இயலவில்லை. பழைய ஆறு அங்குல டிரம் பிரேக், வண்டியின் எடைக்கும் இன்றைய போக்குவரத்துக்கும் போதாது; பிற்காலத்தில் முன்சக்கரத்தில் வந்த ஏழு அங்குல டிரம் எவ்வளவோ மேல். கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது இரண்டாவது கியரை மாற்றாமல் எஞ்சினின் பிடியிலேயே வர வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறிப் பாதி மலையிலேயே பிடிப்பை இழக்கும்.

பராமரிப்பில் முதலிடம் டேப்பெட்டுக்கு, அதாவது வால்வுகளை இயக்கும் தண்டுகளின் இடைவெளியைச் சரிசெய்வதற்கு. சிலிண்டரின் வலப்பக்கம் ஒரே நட்டில் நிற்கும் சிறு மூடியைக் கழற்றினால், புஷ்ராடுகள் எனப்படும் அந்த இரண்டு தண்டுகளின் அடிப்பகுதி தெரியும். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனை அமுக்க நிலையின் (இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலை) உச்சியில் நிறுத்தி, புஷ்ராடை இரு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். விரலுக்குத் தடையின்றி அது சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அளவுகோல் எதுவும் தேவையில்லை, மூன்று ஸ்பேனர்களும் பொறுமையும் போதும். இதை ஒருமுறை கற்றுக்கொண்டவர் மெக்கானிக்கிடம் போகும் தடவைகள் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது எண்ணெய். இந்த எஞ்சினில் எண்ணெய் அறை, கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறையை ஒட்டியே இருப்பதால், வண்டி சில வாரங்கள் நின்றுவிட்டால் அதிலுள்ள எண்ணெய் மெல்லக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். குச்சியை எடுத்துப் பார்ப்பவர் அளவு குறைந்துவிட்டதென்று மேலும் ஊற்றுவார். பிறகு எஞ்சின் ஓடும்போது உபரி எண்ணெய் கிடைத்த வழியிலெல்லாம் வெளியேறும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தியபின் அளவு பார்ப்பதே முறை. புல்லட் என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும் என்று பலர் தலைவிதியாக ஏற்றுக்கொள்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கை மாற்றி மாற்றிச் சலித்தவர்கள், கிராங்க் அறையின் காற்று வெளியேறும் பிரீதர் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளழுத்தம் வெளியேற வழியில்லாவிட்டால் எந்தப் பேக்கிங்கும் தாங்காது. அண்மைக் காலத்தில் பெட்ரோல் பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் மனத்தில் கொள்ள வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்கின் உட்புறம் துருப்பிடிக்கவும், பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப்போகவும் இடமுண்டு. குழாய்களை மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டுவது நல்லது.

உதிரி பாகங்களுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. வார்ப்பிரும்பு எஞ்சின்கள் 2008-க்குப் பிறகு படிப்படியாக நிறுத்தப்பட்டுவிட்டதால், கம்பெனிப் பெட்டியில் வரும் பாகம் அருகி, போலிகள் பெருகிவிட்டன. கேபிள், லைட், மட்கார்டு போன்றவற்றில் மலிவான பாகம் போட்டாலும் பெரிய நட்டமில்லை. பிஸ்டன், வால்வு, கிராங்க் பின், பெரிய முனை புஷ், ஆயில் பம்ப் ஆகியவற்றில் விலை பார்க்கவே கூடாது. மற்றபடி, தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் போர் செய்து, அதாவது உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்தி, அடுத்த அளவு பிஸ்டனைப் போடலாம். போர் செய்ய இடமில்லாமல் போனால் உள்ளே புதிய உறையான ஸ்லீவ் இறக்கலாம். கிராங்கைப் பிரித்துப் பின்னையும் புஷ்ஷையும் மாற்றலாம். முழுப் பாகத்தையும் தூக்கி எறியச் சொல்லும் இன்றைய வண்டிகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்.

பிரேக்குக்கும் நம்பகத்தன்மைக்கும் முன்னுரிமை தருபவர்களுக்குப் புதிய 349 சிசி புல்லட்டே பொருத்தம். பட்டன் ஸ்டார்ட், டிஸ்க் பிரேக், எண்ணெய் ஒழுகாத எஞ்சின் எல்லாம் அதில் உண்டு. பழைய வண்டிதான் வேண்டும் என்பவர்கள் சைலன்சர், கைப்பிடி, டேங்க் என்று உருமாற்றப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டு, தங்கக் கோடு கையால் வரைந்த பழைய டேங்கோடு நிற்கும் ஸ்டாண்டர்ட் வண்டியைத் தேட வேண்டும்.

பார்க்கப் போகும்போது, வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினை நாமே மிதித்துக் கிளப்ப வேண்டும். சூடேறிய பின் அடிப்பகுதியிலிருந்து கனமான தட்டல் கேட்டால் கிராங்க் வேலை இருக்கிறதென்று பொருள். சிலிண்டர் தலைக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டை எஞ்சின் ஓடும்போது சற்றே தளர்த்தினால் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் ஆயில் பம்ப்பைச் சந்தேகித்து எஞ்சினை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் விலையில் கழித்துப் பேசக்கூடிய குறைகள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்சி புத்தகத்தோடு பொருந்துகின்றனவா, பதினைந்து ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கொருமுறை செய்ய வேண்டிய பதிவுப் புதுப்பித்தலும் பசுமை வரியும் நிலுவையின்றி இருக்கின்றனவா என்பது அப்படிப்பட்டதன்று. எண் பொருந்தாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் திரும்பிவிட வேண்டும்.