லாசட்டர் ரூப்ரிக்: செவிலியர் மாணவரின் சிந்தனைக்கு ஓர் அளவுகோல்

செவிலியர் மாணவர்களின் வார்டுப் பயிற்சியை மதிப்பிடும் ஆசிரியர்களில் பலர் சரிபார்ப்புப் பட்டியலையே நம்பியிருக்கிறோம். கை கழுவினாரா, நோயாளியின் பெயரைக் கேட்டு உறுதிசெய்தாரா என்று ஒவ்வொன்றாகக் குறியிடும் அந்த முறை செய்முறைத் திறனைச் சோதிக்கப் போதுமானது. மாணவர் என்ன யோசித்தார் என்பதை அது கேட்பதில்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலச் செவிலியர் கல்வியாளர் கேத்தி லாசட்டர் 2007இல் வெளியிட்ட ரூப்ரிக், அதாவது ஒவ்வொரு தரநிலையையும் விவரிக்கும் மதிப்பீட்டு அட்டவணை, அந்த இடத்தைத்தான் நிரப்புகிறது. செவிலியர் கல்வியாளர் கிறிஸ்டின் டானர், நோயாளியைப் பற்றிச் செவிலியர் முடிவெடுக்கும் விதமாக 2006இல் விளக்கிய கவனித்தல், பொருள் காணுதல், செயலாற்றுதல், மீள நினைத்தல் ஆகிய நான்கையும் இது 11 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நான்கு நிலைகளில் சொற்களால் விவரிக்கிறது.

அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரின் நாடித்துடிப்பு 84இலிருந்து 118ஆக ஏறியிருக்கிறது, இரத்த அழுத்தமோ 110/70 என இயல்பாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பிழையின்றி எழுதிய மாணவருக்குப் பட்டியல் முழு மதிப்பெண் தந்துவிடும். ஆனால், உள்ளே இரத்தம் கசியும்போது அழுத்தம் இறங்குவதற்கு முன்பே நாடி விரையக்கூடும்; ஆகவே முந்தைய அளவோடு ஒப்பிட்டாரா, காயத்தின் மேலுள்ள கட்டில் இரத்தக் கசிவு உண்டா என்பதையும் சிறுநீர் அளவையும் பார்த்தாரா, உடனே மருத்துவருக்குத் தெரிவித்தாரா என்பவையே உயிரைக் காக்கும் கேள்விகள். இந்த ரூப்ரிக் அவற்றைக் கேட்க வைக்கிறது என்பதே அதை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணம். மேலும், "இன்னும் கவனம் தேவை" என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, அடுத்த நிலைக்கு எது வேண்டும் என்று மாணவருக்கு அதன் வரிகளிலேயே காட்ட முடிகிறது.

குறைகளும் உண்டு. அமைதியும் தன்னம்பிக்கையும் வெளிப்படும் நடத்தை என்ற கூறில், சரியாகச் செயல்பட்டும் தயங்கிப் பேசும் மாணவர் மதிப்பெண் இழக்க நேரிடுகிறது; இது எனக்கு நியாயமாகப் படவில்லை. சிமுலேஷன் பயிற்சியை, அதாவது உண்மையான நோயாளி இன்றிச் செயற்கைச் சூழலில் நடத்தும் பயிற்சியை, கவனித்து உருவாக்கப்பட்ட கருவி என்பதால், பரபரப்பான வார்டில் மாணவரைத் தனியே அழைத்து ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால்தான் பல கூறுகளை நிரப்ப முடியும். 11 கூறுகளையும் கூட்டி 44க்கு ஒரே எண்ணாகத் தருவதையும் நான் ஏற்கவில்லை. கைத்திறனில் பெற்ற உயர்ந்த மதிப்பெண் கவனித்தலில் உள்ள ஆபத்தான குறையை மறைத்துவிடும்.

இதைப் பயன்படுத்த நினைக்கும் கல்லூரிகளில், ஆசிரியர்கள் ஒரே நிகழ்வைத் தனித்தனியே மதிப்பிட்டு, வேறுபாடுகளைப் பேசித் தீர்த்த பிறகே இதைத் தேர்வுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை, கவனித்தலுக்குரிய மூன்று கூறுகளை மட்டும் எடுத்து, மதிப்பெண் இன்றிக் கருத்துரைக்கப் பயன்படுத்தலாம்.