சாண எரிவாயு: மிதக்கும் டிரம்மா, தீனபந்துக் குவிமாடமா?

நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்குத் தினமும் 50 கிலோ பச்சைச் சாணம், அதே அளவு தண்ணீர். எந்த வகைக்கும் கணக்கு இதுதான். எரியும் வாயுவான மீத்தேனைத் தரும் நுண்ணுயிரிகள் கேட்பதும் மாறாது: காற்று புகக் கூடாது, வெப்பம் 30–37 டிகிரி, பிஎச் (அமில-கார அளவு) 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வாயுவை எதில் தேக்குகிறோம், பழுது எங்கே தொடங்கும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960-களில் பரப்பிய வகை, செங்கல் தொட்டிமேல் கவிழ்த்த இரும்பு டிரம். டிரம் எழும்பியிருக்கும் உயரமே வாயு இருப்பைக் காட்டிவிடும். அதன் எடை ஒரே சீராக அழுத்துவதால் அடுப்புச் சுடர் ஏறி இறங்காது. சிக்கல் இரும்புதான். ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஈரமும் சேர்ந்து அரிக்கும். சாணக் கரைசலும் காற்றும் மாறிமாறிப் படும் பகுதியே முதலில் பொத்தலாகும். ஆண்டுதோறும் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். கண்ணாடியிழை டிரம் துருப்பிடிக்காது.

1984-இல் வந்த தீனபந்து முழுவதும் மண்ணுக்கடியில் கட்டும் செங்கல் குவிமாடம். இரும்பு டிரம் இல்லை, அதனால் செலவு குறைவு. குளிர்காலத்திலும் சூடு அவ்வளவாக இறங்காது. வாயு சேரச் சேரக் கரைசலை வெளியேற்றுத் தொட்டிக்குத் தள்ளும். அந்த மட்ட வேறுபாடே அழுத்தம். வாயு தீரத் தீர அழுத்தம் விழும், அடுப்பு வால்வைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பெரிய ஆபத்து மயிரிழை விரிசல். வாயு சத்தமில்லாமல் கசியும், பழி சாணத்தின் மேல் விழும். ஆகவே குவிமாடத்தின்மேல் மண் மூடிய பிறகு, சாணம் ஊற்றும் முன், தண்ணீர் நிரப்பி வால்வை மூடி, யூ குழாய் அழுத்தமானியை ஒரு நாள் கவனியுங்கள். அது காட்டும் அழுத்தம் இறங்கினால் உட்பூச்சை மீண்டும் பூசச் சொல்லுங்கள். மண் மூடாமல் அழுத்தம் ஏற்றினால் குவிமாடமே விரிசல் விடும்.

பயிற்சி பெற்ற கொத்தனார் கிடைத்தால் தீனபந்து. கிடைக்காவிட்டால் கண்ணாடியிழை டிரம்; பழுது கண்ணுக்குத் தெரியும், வெளியிலிருந்தே சரிசெய்யலாம். சாணம் ஊற்றி இயங்கிய குவிமாடத்துக்குள் பழுது பார்க்க இறங்குவது உயிருக்கே ஆபத்து. உள்ளே ஆக்சிஜன் இருக்காது, நச்சு வாயு இருக்கும்.

எதைக் கட்டினாலும் ஏற்கெனவே இயங்கும் வேறொரு கலனின் கழிவுக் குழம்பை நுண்ணுயிரி விதையாக ஊற்றுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, எரியாது. காற்றும் கலந்திருக்கும், அதை வெளியே திறந்துவிடுங்கள். எரிகிறதா என்று அடுப்பில்தான் பார்க்க வேண்டும், கலன் வாயில் நெருப்பைக் காட்டக் கூடாது. தொழுவம் கழுவிய ஃபினாயில் தண்ணீர் உள்ளே போனால் நுண்ணுயிரிகள் செத்துவிடும். சமையல் கழிவை அளவுக்கு மீறிக் கொட்டினால் அமிலம் பெருகும். புளித்த வாடை வரும், சுடர் அணையும். அப்போது சில நாள் தீனியை நிறுத்தி, பிறகு சாணக் கரைசலை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுங்கள்.