தள்ளிப்போடும் பழக்கமும் ஒரு கிச்சன் டைமரும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சென்னை நங்கநல்லூரில் அம்மாவுடன் வசித்துக்கொண்டு, வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கேள்வி கேட்க மேலதிகாரி இல்லாத வேலை. வரி, மின்கட்டணம், மராமத்து என்று வீட்டுப் பொறுப்புகளும் என்னுடையவையே. இப்படிப்பட்ட வாழ்க்கையில் ஒரு வேலையை நாளைக்குத் தள்ளிவைக்க யாருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை என்பதால், தள்ளிப்போடும் பழக்கத்தை எதிர்கொள்ளும் சில வழிமுறைகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து கையாண்டு வருகிறேன். புதிதாகத் தொடங்கும்போது எல்லாமே பலன் தருவதுபோலத்தான் தோன்றும். முதல் மாத உற்சாகம் வடிந்த பிறகும் எவை நிலைத்தன என்பதையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அது சரியான கணிப்பு அல்ல என்பது என் உறுதியான கருத்து. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய உட்காரவேண்டிய ஞாயிற்றுக்கிழமையில், அதை விட்டுவிட்டுச் சமையலறை அலமாரியைக் காலி செய்து, டப்பாக்களைக் கழுவி வெயிலில் காயவைத்து, புதுத் தாள் விரித்து அடுக்குகிறவரை எப்படிச் சோம்பேறி என்பது? உளவியலாளர்கள் ஃபுஷியா சிராய், டிமோதி பிச்சில் இருவரும் 2013இல் வெளியிட்ட கட்டுரை இதை வேறு விதமாக விளக்குகிறது. ஒரு வேலையை நினைத்தாலே எழும் சலிப்பு, பயம், குழப்பம் ஆகியவற்றிலிருந்து இப்போதைக்குத் தப்பித்து மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் முயற்சியே தள்ளிப்போடுதல் என்கிறார்கள் அவர்கள். பியர்ஸ் ஸ்டீல் 2007இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், வேலையின் மீதுள்ள வெறுப்பு, பலன் கைக்கு வர ஆகும் காலம், தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக் குறைவு ஆகியவை வலுவான காரணிகளாகத் தெரிந்தன. ஆகவே எந்த வழிமுறையையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன்: வேலையைத் தொடங்கும் முதல் சில நிமிடங்களின் கசப்பை அது குறைக்கிறதா?

அந்த அளவுகோலின்படி முதலில் சொல்லவேண்டியது 25 நிமிட முறை. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவக் கிச்சன் டைமர் ஒன்றை வைத்துக்கொண்டு இதை உருவாக்கினார். 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தபின் சற்று நீண்ட ஓய்வு, அவ்வளவுதான். கைப்பேசியிலேயே டைமர் இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டைமர் வைப்பதற்காகக் கைப்பேசியை எடுத்தால், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்திருக்கும் குடும்பக் குழுச் செய்திகளைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கும் என்பதே என் பதில். பாரிமுனையில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய, கையால் திருகும் சாதாரண டைமர்தான் என்னிடம் இருக்கிறது. அதை நேராக 25இல் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. கடைசி வரை திருகிவிட்டுப் பிறகு 25க்குத் திருப்பிக்கொண்டு வந்தால்தான் மணி ஒழுங்காக அடிக்கும். நாளடைவில் ஸ்பிரிங் தளர்ந்து ஒன்றிரண்டு நிமிடம் முன்பின்னாக அடிக்கிறது, அதனால் ஒரு குறையும் இல்லை. டிக் டிக் ஓசை கேட்கத் தொடங்கியதும் அம்மா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுகிறார்; குழம்புக்கு உப்புப் பார்க்க என்னைக் கூப்பிடுவதும் மணி அடித்த பிறகுதான்.

கணக்கு, படிவம், மெய்ப்புத் திருத்தம் போன்ற வேலைகளுக்கு 25 நிமிடம் மிகப் பொருத்தமாக இருக்கிறது. மொழிபெயர்ப்புக்கு அப்படி இல்லை. நீண்ட வாக்கியம் ஒன்று மனத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் மணி அடித்தால், விட்ட இடத்தைப் பிடிப்பதற்கே தனியாகப் பாடுபட வேண்டியிருக்கிறது. எனவே அந்த வேலைக்கு 50 நிமிடம் வைக்கிறேன். மனம் சிறிதும் ஒத்துழைக்காத நாளில் 10 நிமிடம் வைக்கிறேன். முறையின் விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதைவிட, உட்கார்ந்து தொடங்குவது முக்கியம்.

இரண்டாவது வழிமுறைதான் என் வாழ்க்கையை அதிகம் மாற்றியது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதிய கருத்து இது: “செய்வேன்” என்று தீர்மானிப்பது போதாது, எப்போது, எங்கே, எதை ஒட்டிச் செய்வேன் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். மின் கணக்கீட்டாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து அட்டையில் யூனிட்டை எழுதிவிட்டுப் போனால், அன்றிலிருந்து பணம் கட்ட 20 நாள் அவகாசம் இருக்கிறது. தள்ளிப்போடுகிறவர்களுக்கு அந்த அவகாசம்தான் வினை. “கார்டில் எழுதிவிட்டுப் போன அன்று மாலை, காபி குடித்த கையோடு, கூடத்து மேசையில் உட்கார்ந்து கட்டிவிட வேண்டும்” என்று நோட்டில் எழுதிவைத்த பிறகு அதில் யோசிக்க எதுவும் மிச்சமில்லை. சொத்து வரிக்கும் அப்படித்தான். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் செலுத்தினால் சென்னை மாநகராட்சி 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை தருகிறது. 4,000 ரூபாய் வரிக்கு 200 ரூபாய் மிச்சமாகும் என்ற ஆசை மட்டும் யாரையும் எழுந்து உட்காரவைக்காது. ஏப்ரலுக்குத் தமிழ்ப் புத்தாண்டின் மறுநாள், அக்டோபருக்குக் காந்தி ஜெயந்தி விடுமுறை என்று நாளைக் குறித்துக்கொண்டதுதான் எனக்குப் பலன் தந்தது.

நாள்காட்டித் தேதியைவிடப் பண்டிகை இதற்கு மிகவும் பொருத்தமானது என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் பண்டிகையைத் தள்ளிப்போட முடியாது. சென்னைக்குப் பெருமழை தரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. அதற்குள் மொட்டை மாடியையும் மழைநீர் வடிகட்டும் தொட்டியையும் சுத்தம் செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அமைப்பு பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. தூர் வாராத தொட்டியில் தண்ணீர் இறங்காமல் வழிந்து தெருவுக்குப் போய்விடும் என்பதுதான் பிரச்சினை. எங்கள் வீட்டில் அந்த வேலையை ஆயுத பூஜைக்கான சுத்தத்தோடு சேர்த்துவிட்டேன். கதவு, ஜன்னல், மின்விசிறி என்று துடைத்துக்கொண்டு போகிற வேகத்திலேயே மாடிக்கும் போய், குழாய் வாயில் அடைத்திருக்கும் வேப்பிலைச் சருகுகளைக் கையால் அள்ளி, தொட்டியிலிருக்கும் ஜல்லியை எடுத்து அலசி மறுபடி போட்டுவிடுகிறோம். தனி வேலையாக இருந்தவரை அதற்கு நாள் கிடைத்ததே இல்லை.

மூன்றாவது, மற்றொருவரிடம் நாள் குறித்துச் சொல்லிவிடுவது. டான் அரியலி, கிளாஸ் வெர்டென்புரோக் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே கெடு வைத்துக்கொண்ட மாணவர்களுக்குப் பலன் இருந்தது. ஆனால் வெளியிலிருந்து சம இடைவெளியில் விதிக்கப்பட்ட கெடு அதைவிட நன்றாக வேலை செய்தது. என் அனுபவமும் அதுவே. மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் வெள்ளிக்கிழமை மாலை ஒரு தோழிக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவர் அதைப் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை, வந்துவிட்டதா என்று பார்த்தால் போதும்.

பட்டியல் போடும் செயலிகளும், ஜனவரியில் நகைக்கடையில் தரும் டைரியும் என்னிடம் நிற்கவில்லை. அழகாகப் பட்டியல் போட்டு முடித்ததுமே பாதி வேலை முடிந்த திருப்தி வந்துவிடுகிறது, அது ஆபத்தானது.

இந்த வழிமுறைகளுக்கு எல்லையும் உண்டு. எந்த வேலையிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாரக்கணக்கில் எழவே முடியாமல் இருப்பவரிடம் டைமரைக் கொடுப்பது நியாயமல்ல. அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். மத்திய அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஊரில் அப்பா பெயரில் உள்ள வீட்டின் பட்டாவை மாற்றும் வேலை என் நோட்டில் நெடுநாளாக நகராமல் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் கையில் இருக்கிறது, விண்ணப்பிக்க இ-சேவை மையமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் வீட்டை வைத்துக்கொள்வதா விற்பதா என்று நாங்கள் யாரும் இன்னும் பேசவே இல்லை. முடிவெடுக்காத விஷயத்தை 25 நிமிடங்களாக வெட்டிப் பயனில்லை. ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு, “தீபாவளிக்கு அண்ணன் வரும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மாவையும் உட்காரவைத்து வீட்டைப் பற்றிப் பேசுவது” என்று மாற்றி எழுதியிருக்கிறேன்.